வல்லாரைக் களிம்பு செய்யப் புகுந்த கதை

நமது வளவுகளிலே கிணற்றடி ஈரத்தில், யாரும் நட்டு வளர்க்காமலே படர்ந்து கிடக்கும் வல்லாரையை அறியாத வாசகியர் இருக்கமாட்டார்கள். தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் சேர்த்து அரைத்து, தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பலாக உண்டு வளர்ந்தவர்கள் நாம். பரீட்சைக் காலம் நெருங்கினால் ஞாபகசக்திக்கு நல்லதென்று பிள்ளைகளுக்கு அதை வற்புறுத்தி ஊட்டாத தாய்மாரும் இல்லை. சிங்கள மக்கள் அதனைக் 'கொட்டுக்கொள' என்று அழைத்துக் காலைக் கஞ்சியாகவும் காய்ச்சிக் குடிக்கின்றனர். அந்த வல்லாரையைக் கொண்டு நான் ஒரு தோற்களிம்பு செய்யப் புகுந்ததும், அதனால் நேர்ந்த அவதியும், பின்னர் ஏறக்குறைய ஓராண்டு காலம் அதனைச் சோதித்துப் பார்த்ததில் அறிந்துகொண்டவையுமே இக்கட்டுரையின் பொருள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செய்முறையைக் குறித்துக்கொள்ளலாம் என்று கடதாசியும் பென்சிலுமாக அமர்ந்திருக்கும் சகோதரிகள் சற்று ஏமாற்றமடையக்கூடும்.

என் மகள் கனடாவில், ரொறன்ரோ நகரில் வாழ்கிறாள். அவளுடைய சிறிய மகளுக்கு நான்கு வயது. குளிர்காலம் வந்தால் அங்கே வெளியில் உறைபனி. வீட்டினுள்ளே இரவும் பகலும் சூடேற்றிய வறண்ட காற்று. அந்தக் காற்றில் குழந்தையின் முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் சிவந்து, தோல் தடித்து, இரவெல்லாம் சொறிந்து அழுகிறாள் என்று மகள் தொலைபேசியிற் சொன்னாள். நம்மூர்ப் பரியாரிமார் கரப்பன் என்பதும் ஆங்கில வைத்தியர்கள் எக்சிமா என்பதும் இதனையே. பேத்தியின் அழுகுரலைக் கேட்டபின் எந்த அம்மம்மாவுக்குத்தான் கை சும்மா இருக்கும்? முப்பது ஆண்டுகள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவள் என்ற சிறு கர்வமும் என்னிடம் இருந்தது. அந்தக் கர்வமே பிழைக்குக் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கிணற்றடியில் வல்லாரை பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, துணியிற் பிழிந்து சாறெடுத்தேன். நல்ல தேங்காயெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, இறக்கிவைத்து ஆறும் தறுவாயில் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டு அடித்தேன். ஒரு சிட்டிகை மஞ்சளும் சேர்த்தேன். இளம்பச்சை நிறத்தில், பார்ப்பதற்கு மிகவும் அழகாக வந்தது. ஜாம் இருந்த போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்து, அதில் நிரப்பி, ஊருக்கு வந்து திரும்பிய உறவினர் ஒருவரின் பெட்டியிற் கொடுத்தனுப்பினேன். மீதியை ஒரு சிறு குப்பியிலிட்டு என் அலுமாரியில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரங்களின் பின் மகள் அழைத்தாள். "அம்மா, பூசின இடமெல்லாம் சிவந்து நீர் வடியுது. போத்தலின்ர அடியில பாத்தன், கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம்" என்றாள். ஐந்து நாட்கள் பூசியிருக்கிறாள். வைத்தியர் பார்த்துவிட்டு, சொறிந்த புண்ணில் நுண்ணுயிர் தொற்றியிருக்கிறது என்று கூறி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எழுதிக் கொடுத்தாராம். மகள் என்னை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. அலுமாரியைத் திறந்து என் குப்பியைப் பார்த்தேன். மேலே வழுவழுப்பாக இருந்த களிம்பின் கீழே ஒரு விரற்கடை உயரத்துக்குப் பழுப்பு நீர் பிரிந்து நின்றது. அதன்மேற் பஞ்சு போலப் பூஞ்சணம்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. மறுநாட் காலையில், என்னிடம் முன்பு படித்து, இப்போது ஓர் ஆய்வுகூடத்திற் பணிபுரியும் மாணவி ஒருத்தியைத் தேடிச் சென்றேன். குப்பியை மணந்து பார்த்த அவள், "ரீச்சர், நீங்கள் களிம்பு செய்யவில்லை, பற்றீரியாவுக்கு விருந்து வைத்திருக்கிறீர்கள்" என்றாள். நான் கற்பித்த பிள்ளையிடமே நான் கற்கத் தொடங்கிய நாள் அதுதான். குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்து ஏகார்த் தட்டில் அவள் வளர்த்துக் காட்டியபோது, இரண்டு நாளில் தட்டு முழுவதும் எண்ண முடியாதபடி கூட்டங்கள் முளைத்திருந்தன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பூச்சுப் பொருளில் ஒரு கிராமுக்கு 100க்கும், ஏனையோருக்கானவற்றில் 1,000க்கும் மேல் உயிர்கள் இருத்தலாகாது என்பது சர்வதேச அளவுகோல். என் களிம்பு எந்த வயதினருக்கும் உரியதாக இருக்கவில்லை.

எங்கே பிழைத்தது? நீரில்தான். எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த களிம்பில் நுண்ணுயிர் பெருகுவது அரிது. அதற்குக் குடிக்க நீர் இல்லை. நம் முன்னோர் தைலத்தைக் காய்ச்சும்போது மூலிகைச் சாற்றின் நீர் முழுவதும் வற்றி, அடியில் திரளும் வண்டல் மெழுகுபோலாகி, பின் மணல் பதத்துக்கு வரும்வரை காய்ச்சி வடித்தமைக்குக் காரணம் இதுவே. நான் காய்ச்சவும் இல்லை. பச்சைச் சாற்றை, அதிலிருந்த மண்ணுயிர்களோடும் மாவுச்சத்தோடும் சீனியோடும், அப்படியே எண்ணெயினுள் அடைத்துவிட்டேன். பரியாரியார் வீட்டுத் திண்ணையில் வளர்ந்த ஒருத்திக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

எண்ணெயையும் நீரையும் இணைக்கும் ஆசை மனிதருக்கு மிகப் பழையது. பெர்கமம் நகரிற் பிறந்து உரோமாபுரியில் வைத்தியம் செய்த கலென் என்பவர், கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டில், தேன்மெழுகையும் ஒலிவ எண்ணெயையும் உருக்கி அதில் பன்னீரை அடித்துச் சேர்த்துக் களிம்பு செய்தார். பூசியதும் அதிலுள்ள நீர் ஆவியாகித் தோல் குளிரும்; ஆகவேதான் அவ்வகைக் களிம்புக்குக் குளிர்களிம்பு, அதாவது 'கோல்ட் கிறீம்', என்ற பெயர் நிலைத்தது. ஆனால் வெறும் மெழுகு நீரை நெடுநாள் பிடித்து வைத்திராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெண்காரத்தை நீரிற் கரைத்துச் சேர்த்தார்கள். மெழுகிலுள்ள அமிலமும் வெண்காரமும் கூடி ஒருவகைச் சவர்க்காரமாக மாறி எண்ணெயையும் நீரையும் பிணைத்துக்கொண்டன. கெட்டிக்காரத்தனமான யோசனைதான், எனினும் புண்பட்ட தோலினூடே வெண்காரம் உடலுக்குள் செல்லும் என்பதால் குழந்தைகளுக்கான பூச்சில் அதற்கு இடமில்லை.

எண்ணெயும் நீரும் கலந்து நிற்பதை விஞ்ஞான நூல்கள் குழம்பு என்பார்கள். நமது அடுக்களையிலேயே இரு வகைக் குழம்புகளும் உள்ளன. பால் என்பது நீரினுள்ளே நெய்த்துளிகள் மிதப்பது. வெண்ணெய் என்பது நெய்யினுள்ளே நீர்த்துளிகள் அடைபட்டது. பாலைப் போன்ற களிம்பு தோலில் விரைவில் உறிஞ்சப்படும், பிசுபிசுப்பு இராது. வெண்ணெயைப் போன்றது மேலே படலமாக நின்று காக்கும். எதுவானாலும் இரண்டையும் இணைத்து வைக்க ஒரு தரகர் வேண்டும். ஒரு முனையால் நீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பற்றிக்கொள்ளும் அந்தத் தரகரே குழம்பாக்கி.

என் மாணவியோடு சேர்ந்து, பல தவறுகளுக்குப் பின், நாங்கள் வந்தடைந்த அளவு இது: நூறு கிராம் களிம்புக்குக் காய்ச்சி வடித்த நீர் 70 கிராம், கிளிசரின் 5, பச்சைத் தேங்காய்ப்பாலிலிருந்து சூடேற்றாமல் எடுத்த எண்ணெய் 12, குழம்பாக்கும் மெழுகு 7, வல்லாரைச் சாரம் 5, காப்புப் பொருட் கலவை 1. கரண்டிக் கணக்கு உதவாது, தராசு வேண்டும். நீர்ப் பகுதியையும் எண்ணெய்ப் பகுதியையும் தனித்தனியே 70 முதல் 75 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, ஒன்றில் மற்றதை விட்டு, ஆறும்வரை கைவிடாமற் கலக்க வேண்டும். இடையில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று நான் எழுந்து போன நாளிற் செய்த களிம்பு ஒன்பதாம் நாள் பிரிந்துவிட்டது. காப்புப் பொருளை 40 பாகைக்குக் கீழே ஆறியபின்தான் சேர்த்தோம். மரக்கரண்டியை அவள் தொடவே விடவில்லை. மரத்தின் துளைகளிற் குடியிருப்போர் அதிகமாம்.

வல்லாரையைப் பற்றி இவ்விடத்திற் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அது வெறும் பாட்டி வைத்தியமன்று. மடகஸ்கார்த் தீவிலே அதனைத் தொழுநோய்ப் புண்களுக்கும் வெட்டுக்காயங்களுக்கும் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. அங்கு கிடைத்த வல்லாரையிலிருந்து 1941ஆம் ஆண்டில் ஏசியாட்டிகோசைட் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. மலகாசி நாட்டு விஞ்ஞானியான அல்பேர்ட் ரகோட்டோ ரற்சிமாமங்கா அதன் ஆராய்ச்சியில் முன்னின்றவர். அந்த ஆராய்ச்சியின் வழியாக வல்லாரைச் சாரத்தைக் கொண்ட 'மடகசோல்' என்னும் காயக்களிம்பு உலகச் சந்தைக்கு வந்தது. கொலாஜன் என்னும் தோலின் நார்ப்புரதம் உருவாவதற்கு இப்பொருள்கள் தூண்டுதலாய் இருப்பதை ஆய்வுகூடங்களிற் கண்டிருக்கிறார்கள். ஆகவே வல்லாரையில் நான் வைத்த நம்பிக்கை அடியோடு மூடநம்பிக்கை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் மடகசோலிற் சேர்வது அளந்து தரப்படுத்திய சாரம். என் கிணற்றடி வல்லாரையில் அந்தப் பொருள் எவ்வளவு? மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம், இலைக்கு இலை அது மாறும். என் வளவு இலைக்கும் சுன்னாகம் சந்தையில் வாங்கிய இலைக்கும் ஒரே அளவு இருக்குமென்று நினைப்பது, எல்லாக் கிணற்று நீரும் ஒரே சுவை என்று சொல்வதற்கு ஒப்பாகும். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, கிளிசரினும் நீரும் கலந்து ஊறவைத்து வடித்தெடுத்ததால் நுண்ணுயிரும் மாவும் குறைந்தன. அளவு தெரியாமை மாத்திரம் அப்படியே நின்றது.

நிறத்தின் கதை வேறு. தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத்தன்மை உடையது, அதன் பீ.எச். பெறுமானம் ஏறக்குறைய 5. சாதாரணச் சவர்க்காரமோ 9, 10 என்ற அளவிற் காரமானது. எக்சிமா உள்ள தோலிலே இந்த அமிலக் கவசம் ஏற்கெனவே குலைந்திருக்கும். ஆகவே களிம்பின் பெறுமானத்தையும் 5 அளவில் நிறுத்த, லக்டிக் அமிலம் சில துளிகள் விட்டோம். இளம்பச்சைக் களிம்பு சில நாட்களில் பாசி படிந்த பழுப்பாக மாறியது. கெட்டுவிட்டதென்று நான் பதற, மாணவி சிரித்தாள். "ரீச்சர், வல்லாரைச் சம்பலுக்குப் புளி விட்டுச் சற்றுநேரம் வைத்தால் என்ன நடக்கும்?" உண்மைதான். இலையின் பச்சையத்தினுள்ளே மக்னீசியம் இருக்கிறது. அமிலம் பட்டால் அது கழன்றுபோகப் பச்சை மங்கிவிடும். கடைகளிலே மூலிகை என்ற பெயரில் மாதக்கணக்காகப் பளபளக்கும் பச்சைக் களிம்புகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தப் பச்சையில் இலையின் பங்கு எவ்வளவு, சாயத்தின் பங்கு எவ்வளவு என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

காப்புப் பொருளில்தான் எனக்கும் மாணவிக்கும் நெடுநாள் வாக்குவாதம். இரசாயனம் எதுவும் சேர்க்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். விற்றமின் ஈ எண்ணெய் சேர்த்தாற் போதும் என்று எங்கோ வாசித்திருந்தேன். அது எண்ணெய் காறிப்போவதைத் தாமதிக்குமே தவிர, பூஞ்சணத்தையோ பற்றீரியாவையோ கொல்லாது. இதை நம்பாமல் ஒரு தொகுதி செய்தேன். பன்னிரண்டாம் நாள் பூஞ்சணம் கண்டது. பின்பு பீனொக்சிஎதனோலை முதன்மையாகக் கொண்ட கலவைக்கு உடன்பட்டேன். ஐரோப்பியச் சட்டம் பீனொக்சிஎதனோலை நூற்றுக்கு 1 என்ற அளவுக்கு மேற் சேர்க்க விடுவதில்லை. காப்புப் பொருள் போதுமா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. களிம்பு தூய்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், வேண்டுமென்றே அதனுள் கேடு செய்யும் பற்றீரியாக்களையும் மதுவத்தையும் பூஞ்சண வித்துக்களையும் செலுத்தி, 28 நாட்கள் வரை அவை எவ்வளவு விரைவில் மடிகின்றன என்று எண்ணுவார்கள். கட்டணம் செலுத்தி அதைச் செய்வித்தோம். அக்கட்டணம் என் ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அதிகம். முதற்றடவை பற்றீரியாக்கள் மடிந்தன, பூஞ்சணம் மடியவில்லை. கலவையை மாற்றி மறுபடியும் கொடுத்தபோதே தேறியது.

நாட்பட நிற்குமா என்ற சோதனைக்கு அறிவைவிடப் பொறுமையே அதிகம் தேவைப்பட்டது. ஒரு போத்தல் அடுக்களை அலுமாரியில், ஒன்று குளிர்சாதனப் பெட்டியில், ஒன்று ஆய்வுகூடத்தில் 40 பாகை வெப்பப் பெட்டியில். இன்னொன்றை உறையவைத்து இளகவைத்து, உறையவைத்து இளகவைத்துப் பார்த்தோம். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உருகுவது. யாழ்ப்பாணத்து நண்பகலில் அது நீராக ஓடும். ரொறன்ரோவின் மாசி மாதத்திற் கல்லாக நிற்கும். ஒரே களிம்பு இரண்டு ஊர்களையும் தாங்கவேண்டும் என்பதை முதலில் நான் எண்ணியும் பார்க்கவில்லை. வாரந்தோறும் நிறம், மணம், தடிப்பு, பீ.எச். என நான்கையும் ஒரு கொப்பியிற் பதிந்துவந்தேன். மூன்று மாத முடிவிலும் பிரியவில்லை. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை ஓய்வுபெற்ற ஆசிரியைகள் விளங்கிக்கொள்வார்கள்.

ஆயினும் போத்தலில் நன்றாக இருப்பது வேறு, தோலில் நன்றாக இருப்பது வேறு. இயற்கையானது தீங்கு செய்யாது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உண்ணும் பொருளைத் தோலிற் பூசினால் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்வேன். நாம் கச்சான் என்று கொறிக்கும் நிலக்கடலையின் எண்ணெய் கலந்த களிம்புகளைச் சொறியுள்ள தோலிற் பூசப்பெற்ற பிரித்தானியக் குழந்தைகளிடம், பிற்காலத்தில் கடலை ஒவ்வாமை கூடுதலாகக் காணப்பட்டதை 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஜப்பானில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த முகச் சவர்க்காரம் ஒன்றைப் பயன்படுத்தியோர், பின்னர் கோதுமை உணவை உண்டபோது மூச்சுத்திணறி வீழ்ந்தார்கள். பாதிக்கப்பட்டோர் இரண்டாயிரத்துக்கு மேல். 2011ஆம் ஆண்டில் அச்சவர்க்காரத்தைச் சந்தையிலிருந்து மீளப்பெற்றார்கள். வயிற்றின் வழியாகச் சென்றால் உணவென்று ஏற்கும் உடல், புண்பட்ட தோலின் வழியாக நுழைவதைப் பகையென்று பதிந்துகொள்ளும் போலும். வல்லாரைக்கும் விலக்கில்லை. அதன் சாரம் கலந்த களிம்புகளால் ஒவ்வாமை கண்டவர்கள் வைத்திய ஏடுகளிற் பதிவாகியுள்ளனர்.

தோலிலே ஒட்டிப் பார்க்கும் சோதனையைத் தொடக்கி வைத்தவர் ஜெர்மானியத் தோல் வைத்தியரான யோசப் யடசோன், ஆண்டு 1895. ஐயத்துக்குரிய பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்தின்பின் எடுத்து, அன்றும் அடுத்தடுத்த நாட்களிலும் சிவப்பு உண்டாவென்று பார்ப்பது அதன் முறை. இன்றும் தோல் சிகிச்சை நிலையங்களில் இதுவே நடைபெறுகிறது. இடையிலே 1944ஆம் ஆண்டு முதல் முயலின் கண்ணிலும் சிரைத்த தோலிலும் பூசிப்பார்க்கும் முறை அமெரிக்காவிற் பரவி உலகெங்கும் சென்றது. ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளிற் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை 2013ஆம் ஆண்டில் முழுவதுமாகத் தடைசெய்தது. எனக்கு முயலும் வேண்டாம், முதுகு ஒட்டும் வேண்டாம். வீட்டில் எவரும் செய்யக்கூடியது, முன்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தில் நாளுக்கு இருமுறையாகக் குறைந்தது ஒரு வாரம், இயன்றால் இரண்டு வாரம், தொடர்ந்து பூசிப்பார்ப்பது. ஒரேயொருநாள் பூசிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்வதிற் பயனில்லை. ஒவ்வாமை முதலிற் கற்றுக்கொண்டு பிறகுதான் சண்டைக்கு வரும். அந்தப் படிப்புக்குப் பத்துப் பதினைந்து நாட்களும் செல்லலாம்.

அயலிலுள்ள பெண்களும் என்னோடு முன்பு கற்பித்தவர்களுமாக எட்டுப் பேர் விரும்பி முன்வந்தார்கள். சோளகக் காற்று வீசும் மாதம். எல்லோருக்கும் கணுக்காலும் கெண்டைக்காலும் வரண்டு, நகத்தாற் கீறினால் வெள்ளைக் கோடு விழும் நிலை. மாணவி இரண்டு போத்தல்கள் தயாரித்தாள். ஒன்றில் வல்லாரைக் களிம்பு. மற்றதில் அதே களிம்பு, வல்லாரை மட்டும் இல்லை. நிறம் ஒத்திருப்பதற்காகச் சிறிது எரித்த சீனி சேர்த்திருந்தாள். 'அ' என்றும் 'ஆ' என்றும் மட்டும் எழுதினாள். எது எதுவென்று எனக்கும் சொல்லவில்லை. 'அ' இடது காலுக்கு, 'ஆ' வலது காலுக்கு, நான்கு வாரம். இதெல்லாம் எதற்கு, களிம்பைப் பூசிக் குணம் கண்டால் போதாதா என்று கேட்டேன். "குணம் கண்டது வல்லாரையாலா, கிளிசரினாலா, காற்று மாறியதாலா என்று எப்படிச் சொல்வீர்கள் ரீச்சர்?" என்றாள். ஒப்புநோக்குப் பரிசோதனை என்பதை எட்டாம் வகுப்பில் அவளுக்குக் கற்பித்தவள் நான்தான்.

ஒன்பதாம் நாள் ஒருவருக்கு வலது காலிற் கடி எடுத்துச் சிவந்தது. உடனே நிறுத்தித் தோல் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினோம். எஞ்சிய எழுவரில் மூவர் 'அ' நல்லது என்றார்கள், இருவர் 'ஆ' என்றார்கள், இருவருக்கு வேறுபாடு தெரியவில்லை. ஏழு பேருக்கும் இரண்டு கால்களும் மிருதுவாகியிருந்தன. பின்னர் மாணவி தன் கொப்பியைத் திறந்தாள். 'ஆ' என்பதே வல்லாரை. 'அ' எரித்த சீனி.

எட்டுப் பேரைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். மூன்றும் இரண்டும் நாணயம் சுண்டினாலும் விழக்கூடிய எண்கள். வல்லாரை பயனற்றது என்று இதிலிருந்து யாரேனும் முடிவு செய்தால், அதுவும் என் முதற் போத்தலைப் போன்ற அவசரம்தான். ஆறாத காயத்துக்கும் வெறும் வறட்சிக்கும் வேறுபாடு உண்டு. எங்கள் கால்களிற் காயமில்லை. ஒழுங்கான பரிசோதனை எப்படி இருக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்தது ஒன்றைக் காட்டலாம். எக்சிமா உள்ள 117 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சூடேற்றாத தேங்காயெண்ணெயும் மறு பிரிவினருக்குக் கனிய எண்ணெயும் எட்டு வாரம் பூசினார்கள். பூசுபவருக்கும் பார்ப்பவருக்கும் எது எதுவென்று தெரியாது. 2014ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, நோயின் கடுமையைக் குறிக்கும் புள்ளி முதற் பிரிவில் நூற்றுக்கு 68 வீதமும் மற்றதில் 38 வீதமும் குறைந்தது. நான் பெரிதாக எண்ணாமல், வல்லாரையைக் கரைக்கும் வெறும் எண்ணெயாக மட்டும் கருதிய பொருளுக்கே மதிப்பெண் கிடைத்திருக்கிறது!

களிம்பு வீட்டிற் செய்தது என்பதால் மட்டுமே பிழைப்பதில்லை. பிரித்தானியாவில் எக்சிமாவுக்கென்று தலைமுறை தலைமுறையாக வைத்தியர்கள் எழுதிக்கொடுத்த 'ஏக்குவஸ் கிறீம்' என்னும் களிம்பின் குழம்பாக்கியிலே, நுரைக்கும் சவர்க்காரங்களிற் சேர்க்கும் சோடியம் லோரைல் சல்பேற்று இருந்தது. அது தோலை மெலிவிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியபின், 2013ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் சிறப்பாகக் குழந்தைகளைக் குறித்து எச்சரிக்கை விடுத்தது. இதை அறிந்தபின் எனக்குச் சிறிது ஆறுதல். ஆறுதலென்றும் சொல்ல இயலவில்லை.

இப்போது எங்கள் சிறிய கூட்டத்தில் வேறொரு வழக்கு நடக்கிறது. சோதனைக்குக் காலைக் கொடுத்த பெண்களில் இருவர் விதவைகள், கையில் வருமானமில்லை. இந்தக் களிம்பைச் செய்து விற்கலாம் என்கிறார்கள். செய்யலாம், சுத்தமாகவும் அளவாகவும் செய்யப் பழகிவிட்டார்கள். ஆனால் போத்தலில் என்ன எழுதுவது? வல்லாரை சேர்ந்த 'ஆ'வைவிட வல்லாரை சேராத 'அ' மலிவானது, எங்கள் கால்களில் ஒரு குறையும் வைக்காதது. அதையே விற்போம் என்றேன் நான். "வல்லாரை எண்டு எழுதாட்டி ஆர் ரீச்சர் வாங்குவினம்?" என்கிறார்கள் அவர்கள். அவர்கள் சொல்வதும் மெய்யே. கடைகளிலே ஏழு நாளில் வெள்ளையாக்கும் என்று எழுதிய களிம்புகள் குவிந்து கிடக்கின்றன. உலகெங்கும் அத்தகைய களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டு, 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கையிலேயே அதற்கெதிராக விதி செய்ய வேண்டியிருந்தது. அவற்றின் பக்கத்தில் 'வரண்ட தோலுக்கு' என்று மட்டும் எழுதிய ஒரு பழுப்புப் போத்தல் எப்படி நிற்கும்? எழுத்து இன்னும் தீர்மானமாகவில்லை. ஒட்டுக் கடதாசிகள் வெறுமையாகவே மேசையிற் கிடக்கின்றன.

பேத்திக்கு இப்போது சுகம். அங்குள்ள வைத்தியர் சொற்படி, குளித்து மூன்று நிமிடத்தினுள், தோலின் ஈரம் காயுமுன், மணமற்ற வெறும் வசலீனைப் பூசுகிறார்கள். சிவப்புக் கண்டால் மட்டும் மருந்துக் களிம்பு. ஆரோக்கியமான பெரியவர்களின் காலிற் பூசிப் பார்த்ததை வைத்து, சொறிந்து புண்ணான ஒரு குழந்தையின் தோலுக்கு நான் எதையும் அனுப்ப முடியாது. சென்ற வாரம் தொலைபேசித் திரையில் முழங்கையை மடித்துக் காட்டினாள். தோல் வெளுத்து, வழுவழுவென்று இருந்தது. "அம்மம்மா, பச்சைக் கிறீம் இல்லையா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த நிறம் பிடித்திருந்ததாம்.

இம்முறை ஊருக்கு வந்து திரும்பிய உறவினரின் பெட்டியில் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் போயின.